பேச்சை நிறுத்தாதீங்க

“யாரு... யாரு மெயினை நிறுத்தினது?”

இருட்டுக்குள்ளிருந்து பாய்ந்து வந்த அந்தக் குரலில் ஏணி மேல் நின்றிருந்த ஹென்றி ஒரு கணம் ஆடிப்போனான். பகல் மூன்று மணிதான். ஆனால் ஐப்பசி மழை ராயபுரத்தைக் கறுப்புத் துணி போட்டு மூடியதுபோல் மூடியிருந்தது. கல்மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த அந்தப் பிரசவ விடுதியின் நடையில் எதிரில் நிற்பவர் முகம் தெரியவில்லை.

“நான்தாம்மா... வயரிங் வேலை நடந்துகினு கீது. ரெண்டே நிமிசம்...”

“உள்ள ஒரு பொண்ணுக்குத் தையல் போட்டுக்கிட்டிருக்கோம்! ரெண்டு நிமிஷமாம்!”

வேகமாக வந்த காலடி நேராக ஏணியில் வந்து மோதியது. ஏணி சரிந்தது. ஹென்றி குதித்தான். அடுத்த விநாடி வலது பாதத்தின் மேல் கொதிக்கக் கொதிக்க ஏதோ கொட்டியது.

“அய்யோ... அம்மா!”

“வெந்நீர்தான். கத்தாதீங்க. முதல்ல மெயினைப் போடுங்க!”

நொண்டிக்கொண்டே ஓடி மெயினைப் போட்டான். நடை விளக்கு பளிச்சென்று எரிந்தது. கையில் காலிக் கெண்டியோடு ஒரு நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைச் சேலை. நெற்றியில் ஒட்டிய நாலைந்து முடி. அந்தக் கண்கள்... கோபத்தில் அகன்று, மழைக்காலத்துக் கடல்போல் கலங்கிப் பளபளத்த கண்கள். ஹென்றிக்குப் பாதம் எரிந்ததே மறந்துபோனது.

அவள் அவனைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. பிறகு திரும்பி ஓடிவிட்டாள்.

‘இன்னா பொண்ணுடா இது...’ என்று நினைத்துக்கொண்டான். யாரோ “ஞானசெல்வி! விளக்கைக் கொஞ்சம் பிடி” என்று உள்ளே கூப்பிட்டது காதில் விழுந்தது.

ஞானசெல்வி... பெயர் மனசுக்குள் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

ஹென்றிக்கு அப்போது இருபத்தாறு வயது. ராயபுரம் பனைமரத்தொட்டியில் பிறந்து வளர்ந்தவன். எட்டு வருஷம் மேஸ்திரி ஒருவரின் கீழ் உழைத்து, அந்த வருஷம்தான் வயர்மேன் லைசென்ஸ் வாங்கியிருந்தான். மேஸ்திரி இல்லாமல் தன் பொறுப்பில் எடுத்த முதல் வேலை இது. பத்திரமான வேலை என்றுதான் நினைத்திருந்தான்.

நடையின் கடைசியில் ஒரு சாமான் அறை இருந்தது. அதைக் குளியலறையாக மாற்றியிருந்தார்கள். பிள்ளை பெற்றவர்கள் குளிர்காற்று படாமல் குளிக்க வேண்டுமாம். அதனால் ஜன்னல் கிடையாது. மூலையில் ஒரு செம்பு பாய்லர். அதன் வயிற்றுக்குள் கரி எரியும். புகையை வெளியே இழுத்துத் தள்ளச் சுவரில் வட்டமாக ஓட்டை போட்டு ஒரு எக்ஸாஸ்ட் விசிறி வாங்கி வைத்திருந்தார்கள். அந்த விசிறிக்கும், உள்ளே ஒரு விளக்குக்கும் வயர் இழுப்பதுதான் ஹென்றியின் வேலை.

ஒரு மணி நேரம் கழித்து அவள் திரும்பி வந்தாள். மேனேஜர் வரதன் வெற்றிலை மென்றபடி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தக் காத்தாடிக்கு சுவிட்சு எங்க?” என்று கேட்டாள் ஞானசெல்வி.

“அதோ, நடையில கீற போர்டுல. அங்க கீற அஞ்சோட இது ஆறாவது.”

“விளக்குக்கு?”

“உள்ள, கதவாண்ட.”

அவள் தலையை ஆட்டினாள். “வேணாம். ரெண்டுக்கும் ஒரே சுவிட்சா வையுங்க. விளக்கைப் போட்டா காத்தாடியும் ஓடணும்.”

“அது இன்னாத்துக்கு?”

“உள்ள ஜன்னல் இல்ல. விளக்கு போடாம யாரும் குளிக்கப் போக முடியாது. ஆனா காத்தாடி போட மறந்துட்டுப் போவாங்க. இல்லன்னா யாராவது வெளிய நிறுத்திடுவாங்க. கரி எரியிற அறைங்க அது. கண்ணுக்குத் தெரியிற புகைய விடுங்க... தெரியாத ஒண்ணு இருக்கு. வாசனை கிடையாது. ஆளைத் தூங்க வெச்சே கொன்னுடும்.”

அவள் சொன்னது நியாயம் என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. விளக்குக்குப் போகும் வயரிலிருந்து விசிறிக்கு ஒரு இணைப்பு. அரைமணி வேலை. ஆனால் மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே! முதல் வேலையிலேயே ஒரு நர்ஸ் வந்து வயரிங் சொல்லிக் கொடுத்தாள் என்று ஆகிவிடாதா?

“ஏம்மா... நீங்க ஊசி எப்டிப் போடணும்னு நான் சொல்லித் தர்றனா?”

வரதன் சத்தம் போட்டுச் சிரித்தார். ஞானசெல்வியின் முகம் சிவந்தது. ஆனாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“சொல்லித் தாங்க. சரியா இருந்தா கேட்டுக்குவேன்.”

அவ்வளவுதான். போய்விட்டாள். ஹென்றிக்குச் சுள்ளென்று இருந்தது... வெந்நீர் பட்ட இடத்தில் அல்ல. ஆனாலும் அந்தச் சிரிப்பு அவனை ஏணியிலிருந்து இறங்க விடவில்லை. போர்டில் ஆறாவது சுவிட்சை முடுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் மாடி வராந்தாவுக்கு விளக்கு போட வந்தவன் முன்னால் ஒரு களிம்புப் புட்டியோடு வந்து நின்றாள் ஞானசெல்வி.

“காலைக் காட்டுங்க.”

“வேணாங்க. சொம்மா கொஞ்சம் தோலு...”

“காட்டுங்கன்னா!”

காட்டினான். கொப்புளத்தைப் பார்த்து அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். விரல் நுனியால் களிம்பு தடவினாள். மழைச்சாரல் வராந்தாவுக்குள் வந்து இருவர் மேலும் பூப்போல் தெளித்தது. ஹென்றி மூச்சுவிடவும் பயந்து உட்கார்ந்திருந்தான்.

“வலிக்குதா?”

“இல்லீங்க...”

“எல்லாரும் சிஸ்டர்னு கூப்பிடுவாங்க. நீங்க மட்டும் ‘இல்லீங்க, வேணாங்க’ன்னு இழுக்கிறீங்களே?”

“எனக்கு அது வாயில வர்லீங்க.”

“ஏன் வரல?”

அவன் குனிந்து கொப்புளத்தையே பார்த்தான். கேட்ட பிறகுதான் அவளுக்கே புரிந்தது. காதுமடல் வரை சூடேற, புட்டியை மூடிக்கொண்டு எழுந்தாள். நாலடி போனவள் நின்றாள்.

“அந்த சுவிட்சு... மாத்திடறீங்களா?”

கெஞ்சலாகத்தான் கேட்டாள். அந்தக் குரலுக்கு அவன் ‘சரி’ என்றிருக்கலாம். ஆனால் நேற்றைய கர்வம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

“மேனேஜரு சொன்னா மாத்தறேன்.”

அவள் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டதைப் பார்த்தான்.

மூன்றாம் நாள் காலை.

வண்ணாரப்பேட்டை துணி வியாபாரி அப்துல் வஹாபின் மனைவி ஜன்னத்துக்குத் தலைப்பிள்ளை பிறந்து அன்று ஒன்பதாம் நாள். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். ஞானசெல்வியே பாய்லரில் கரி போட்டு மூட்டினாள். விளக்கைப் போட்டாள். நடைக்கு வந்து ஆறாவது சுவிட்சைப் போட்டாள். விசிறி மாவு மெஷின் மாதிரி இரைந்தது. ஜன்னத்தை உள்ளே அனுப்பிவிட்டு, “தாழ்ப்பாள் போடாத கண்ணு” என்றும் சொன்னாள். வெட்கப்பட்ட அந்தப் பெண் போட்டுக்கொண்டது அவளுக்குத் தெரியாது. அதற்குள் பிரசவ அறையிலிருந்து அவசரக் குரல் வந்தது. ஓடினாள்.

ஜன்னத்தின் மாமியார் சாபிரா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடையில் உலாத்திக்கொண்டிருந்தார்.

மாடி வராந்தாவில் ஹென்றி வயர் பதிக்கும் மரச்சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். கீழே விசிறி ஓடும் சத்தம் அவனுக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றதும் கேட்டது. ‘குளிச்சு முடிச்சுட்டாங்க போல’ என்று அடுத்த ஆணியை எடுத்தான்.

எவ்வளவு நேரம் போயிற்றோ... கால் மணிக்கு மேலேயே இருக்கும்.

“காத்தாடி ஓடலையே... ஜன்னத்! ஜன்னத், கதவைத் திற!”

சுத்தியலை எறிந்துவிட்டு ஹென்றி நாலு நாலு படியாகத் தாவி இறங்கினான். ஞானசெல்வி இரு கையாலும் கதவை அறைந்துகொண்டிருந்தாள். கதவிடுக்கில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை.

“தள்ளுங்க!”

தோளால் மோதினான். கதவு அசையவில்லை. மறுபடி... மறுபடி... நாலாவது மோதலில் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு வந்தது. வெந்நீர் ஆவி முகத்தில் அடித்தது. ஹென்றி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஞானசெல்வி உள்ளே பாய்ந்து ஒரு போர்வையைச் சுற்றி, “பிடிங்க! கால் பக்கம் பிடிங்க! காத்துக்குத் தூக்கணும்!” என்று அலறினாள்.

பின்வாசல் தாழ்வாரத்தில் கிடத்தினார்கள். மழைக்காற்று சுழன்று அடித்தது. ஜன்னத்தின் கன்னம் ரோஜாப்பூ மாதிரி சிவந்திருந்தது. பார்த்தால் தூங்குகிறவள் போலிருந்தாள்.

“நல்லாத்தானே கீறாங்க... மொகம் சிவந்து...”

“அதுதாங்க விஷம்! மாடியில ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கு... ஓடுங்க!”

இரண்டு பேர் தூக்கும் சிலிண்டரை ஹென்றி ஒற்றை ஆளாய்த் தோளில் சுமந்து வந்தான். ஞானசெல்வி அதன் குழாயை ஜன்னத்தின் மூக்கில் பொருத்தினாள். மார்பை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு மூச்சை வரவழைக்கப் போராடிக்கொண்டிருந்தாள். நனைந்த முடி முகத்தில் விழ, உதடுகள் எதையோ ஜெபித்துக்கொண்டே இருந்தன. சாபிரா சுவரோடு ஒட்டி நின்று, “யா அல்லா... யா அல்லா...” என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லாமல் நடுங்கினார்.

ஒரு இருமல்.

இன்னொரு இருமல்... ஜன்னத்தின் இமை அசைந்தது. “புள்ள... என் புள்ள எங்க?”

ஞானசெல்வி அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதை ஹென்றி பார்த்தான். அந்தத் தோளை ஒரு தடவை தொட்டு, ‘ஒண்ணும் இல்லம்மா’ என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்கு அவனுக்கு ஏது உரிமை?

அரைமணி கழித்து வரதன் நடையில் எல்லோரையும் நிற்க வைத்தார். போர்டில் ஆறாவது சுவிட்சு அணைந்திருந்தது.

“காத்தாடி போடாமலே உள்ள அனுப்பிட்டே. இல்லையா?”

“போட்டேன் சார். ஓடுன சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் போனேன்.”

“அப்ப யார் அணைச்சது? பேயா?”

வரதன் ஹென்றி பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, வயரிங்ல ஏதாவது கோளாறா?”

சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ‘இவங்க அன்னிக்கே சொன்னாங்க சார்... நான்தான் கேக்கல.’ ஆனால் சொன்னால்? நர்ஸ் எச்சரித்தும் கேளாமல் ஒரு உயிரைக் கொல்லப் பார்த்தவன் என்று ராயபுரம் முழுக்கப் பேசும். லைசென்ஸ் என்ன ஆகும்?

“வயரிங் சரியாத்தான் சார் கீது. சுவிட்சு போட்டா ஓடும்.”

பொய் இல்லை. அதனால்தான் அது இன்னும் கேவலமாக இருந்தது.

ஞானசெல்வி அவனைப் பார்த்தாள். இப்போது அவளே சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தான். ஆனால் அவள் இடுப்பிலிருந்த வார்டுச் சாவிக்கொத்தை அவிழ்த்து மேனேஜர் கையில் கொடுத்தாள்.

“டாக்டரம்மா நாளைக்குக் காலையில வந்து முடிவு சொல்லுவாங்க. அதுவரைக்கும் வார்டுப் பக்கம் வராதே” என்றார் வரதன்.

அவனைக் கடந்து போகும்போது அவள் தலை குனிந்திருக்கவில்லை. அவன் தலைதான் குனிந்திருந்தது.

அன்று வீட்டில் அம்மா வாளைமீன் குழம்பு வைத்திருந்தாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“இன்னாடா பேஜாரு? மொகமே சரியில்ல.”

“ஒருத்தரு மானத்த நான் வாங்கிட்டேம்மா.”

“வாங்கினா திருப்பிக் குட்த்துடு” என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே. எதைப் பற்றி என்று அவள் கேட்கவே இல்லை.

மறுநாள் காலை டாக்டர் சொக்கம்மாள் வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் ஹென்றி வாசலில் நின்றான். வரதனும் இருந்தார். ஜன்னத்தின் கணவர் அப்துல் வஹாபும் தாய் சாபிராவோடு வந்திருந்தார். அறைக் கோடியில், சுவரோரமாக, தீர்ப்புக்குக் காத்திருக்கிறவளாய் ஞானசெல்வி.

“டாக்டரம்மா... தப்பு அவங்க மேல இல்லீங்க. என் மேல.”

அவன் நடை போர்டு இருந்த பக்கம் கையைக் காட்டினான்.

“ரெண்டுக்கும் ஒரே சுவிட்சு வைன்னு மொத நாளே அவங்க சொன்னாங்க. விளக்கு எரிஞ்சா காத்தாடி ஓடணும், வெளியில இருந்து யாரும் நிறுத்த முடியக் கூடாதுன்னாங்க. மறுநாளும் வந்து கேட்டாங்க. நல்லதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே செய்யல. ஒரு பொம்பள சொல்லி நான் வயரிங்க மாத்தணுமான்னு ஒரு திமிரு. காத்தாடி நின்னப்ப சத்தம் நின்னதும் எனக்குக் கேட்டுச்சு. நான் எறங்கி வந்து பாக்கல. நேத்து சார் கேட்டப்ப வாயப் பொத்திகினேன். யார் சுவிட்ச அணைச்சிருந்தாலும்... அணைக்கிற மாதிரி வெச்சது நான்தாங்க.”

சொல்லி முடித்த பிறகும் அவனுக்கு ஞானசெல்வி இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் அந்த அழுகை கேட்டது. சாபிரா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

“நான்தாம்மா... இந்தப் பாவி கைதான். அந்த இரைச்சல்ல புள்ள அழுதுகினே இருந்துச்சு. எது எதுக்குன்னு தெரியாம ஒண்ணொண்ணா தட்டிப் பாத்தேன். சத்தம் நின்னுச்சு... புள்ளயும் தூங்கிச்சு. என் மருமவ உள்ள செத்துகினு இருந்தது எனக்குத் தெரியாதும்மா... பயத்துல நேத்து சொல்லல. அந்தத் தம்பி தன் தலையில போட்டுகினதக் கேட்டப்புறம் என்னால முடியலம்மா...”

அப்துல் வஹாப் தாயின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். டாக்டர் சொக்கம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வரதன், சாவியை அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க. ஏம்ப்பா, உன் பேர் என்ன?”

“ஹென்றிங்க.”

“ஒப்புக்கிட்டதுனால தப்பு இல்லாமப் போயிடாது. இன்னிக்கே மாத்து. ஞானசெல்வி பக்கத்துல நிப்பா. அவ சரின்னு சொன்னாத்தான் அந்த அறையைத் திறப்பேன்.”

பகல் முழுக்க வேலை நடந்தது. நடை போர்டிலிருந்து ஆறாவது சுவிட்சைப் பிடுங்கினான். விசிறியின் வயரைக் கொண்டுபோய் விளக்கின் சுவிட்சிலேயே சேர்த்தான். கதவில் தாழ்ப்பாள் இனி வேண்டாம் என்று எடுத்தான். வெளிக்காற்று உள்ளே வர வழி இல்லாவிட்டால் விசிறி எதை இழுக்கும் என்று, கதவின் அடியில் இரண்டங்குலம் ரம்பத்தால் அறுத்தான். ஞானசெல்வி கை கட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோவமா?” என்றான் கடைசியில், ரம்பத்தைக் கீழே வைத்து.

“நேத்தே சொல்லியிருந்தா இன்னிக்கு நன்றி சொல்லியிருப்பேன்.”

“சொல்ல வேணாங்க. நன்றிக்கு நான் ஆளில்ல.”

அவள் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “படிக்கிற காலத்துல ஒரு மார்கழி மாசம்... குளிருதுன்னு கரிச்சட்டியை அறைக்குள்ள வெச்சுக் கதவை அடைச்சுக்கிட்டுத் தூங்கினா ஒரு தாய். பிள்ளையும் கூடவே. காலையில நான்தான் போய் எழுப்பினேன். ரெண்டு கன்னமும் சிவப்பா... சிரிக்கிற மாதிரி. எழுந்திருக்கவே இல்ல.” அவள் ஹென்றி பக்கம் திரும்பினாள். “அதனாலதான் உங்ககிட்ட ரெண்டாவது தடவையும் வந்து கேட்டேன். எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா?”

ஹென்றி எழுந்து நின்றான்.

“கரியப் போடுங்க. நான் உள்ள உக்கார்றேன்.”

“என்னது?”

“கால் மணி நேரம். கதவ மூடிகினு. ஒயுங்கா வேலை செய்யுதான்னு என் ஒடம்புலதான் பாக்கணும். இன்னொரு தாய வெச்சுப் பாக்க முடியாது.”

“பைத்தியமா உங்களுக்கு? ஒரு புறாவை வெச்சுப் பார்க்கலாம்...”

“புறா இன்னா தப்பு பண்ணிச்சு?”

டாக்டரம்மாவிடம் ஓடிப் போய்ச் சொன்னாள். அவர் வந்து விசிறியையும் கதவடி இடைவெளியையும் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். “பேச்சுக் கொடுத்துக்கிட்டே இரு. பதில் நின்னா உடனே திற” என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போனார்.

பாய்லரில் கரி கனன்றது. விளக்கு எரிந்தது, விசிறி இரைந்தது. கதவு மூடியது.

“பேச்சை நிறுத்தாதீங்க!” என்று கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு கத்தினாள் ஞானசெல்வி. “நின்னா திறந்துடுவேன்!”

“இன்னா பேசறது?”

“எதையாவது!”

“எங்க வூடு பனைமரத்தொட்டி! அம்மா மட்டும்தான்! நைனா ஹார்பர்ல வேலை செஞ்சாரு, யுத்த காலத்துல பூட்டாரு!”

“ம்... சொல்லுங்க!”

“எனக்கு மீன் குழம்புன்னா உசுரு! நேத்து அதுகூட எறங்கல!”

இரண்டு நிமிஷம்... ஐந்து... கடிகார முள் ஊர்ந்தது. அவள் உள்ளங்கை வியர்த்துக் கண்ணாடி வழுக்கியது. விசிறியின் இரைச்சலில் அவன் குரல் கொஞ்சம் தேய்ந்தாலும் நெஞ்சு திக்கென்றது. ‘மாதா... குரல் சின்னதாகுதே... இல்ல, இல்ல, பேசறாரு...’

“எட்டு நிமிஷம்! தலை சுத்துதா?”

“இல்ல! நீங்க ஒண்ணு சொல்லுங்க! சுவிட்ச அந்தப் பெரியம்மாதான் அணைச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். நேத்து மேனேஜர் கேட்டப்ப அவங்க அந்த போர்டையே பார்த்துக்கிட்டு நின்னதைக் கவனிச்சேன்.”

“அப்பால ஏன் சொல்லல?”

“சொன்னா மாமியாரும் மருமகளும் அந்த வீட்டுல இனிமே எப்படி ஒண்ணா இருப்பாங்க?”

உள்ளே சத்தமில்லை.

“ஹென்றி! பேசுங்க!”

“கீறேன், கீறேன்! மலைச்சுப் போய்ட்டேன்!”

“பத்து நிமிஷம் ஆச்சு! பேசுங்க!”

“பேச ஒண்ணுதாங்க பாக்கி கீது! அத இந்த எரைச்சல்ல கத்திச் சொல்லணுமேன்னு பாக்கறேன்!”

“கத்துங்க!”

“வெந்நீய ஊத்தினீங்களே... அன்னிலேர்ந்து எனக்கு வேற நெனப்பே இல்லீங்க! சிஸ்டர்னு கூப்புட வாய் வராததுக்கு அதான் காரணம்! நேத்து நீங்க சாவியக் குடுத்துட்டுப் போனப்ப செத்துடலாம்னு இருந்துச்சு! வேலை போனாலும் பரவால்ல, லைசென்சு போனாலும் பரவால்ல... உங்க கண்ணுல நான் கோழையா இருக்கக் கூடாது! உங்கள எனக்கு... எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குங்க!”

வார்டுக் கதவுகளில் இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. ஞானசெல்வியின் முகம் பற்றி எரிந்தது.

உள்ளே பேச்சு நின்றுபோயிற்று.

“ஹென்றி?”

விசிறியின் இரைச்சல் மட்டும்.

“ஹென்றி! பதில் சொல்லுங்க!”

ஒன்றுமில்லை. கடிகாரத்தில் பதின்மூன்று நிமிஷம் ஆகியிருந்தது. அவளுக்குக் கண் இருட்டியது. சிவந்த கன்னங்கள்... சிரிக்கிற மாதிரி... “அய்யோ!” என்று கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே விழுந்தாள்.

ஹென்றி முக்காலியில் நேராக உட்கார்ந்திருந்தான். நல்ல தெளிந்த கண்கள். பள்ளிக்கூடத்தில் தப்பு செய்துவிட்ட பிள்ளையின் முகம்.

“ஏன்... ஏன் பேச்சை நிறுத்தினீங்க?” அவள் குரல் கிரீச்சிட்டது. அவன் இமையை விரித்துப் பார்த்தாள், நாடியைப் பிடித்தாள், கன்னத்தின் நிறத்தைப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. “உயிரே போயிடுச்சு எனக்கு!”

“சொல்லிட்டேனே... நீங்க இன்னா சொல்லுவீங்களோன்னு பயந்துகினு உக்காந்திருந்தேன்.”

“அறிவிருக்கா?”

“இல்லீங்க. அதான் அன்னிக்கு சுவிட்ச மாத்தல.”

சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன அவளுக்கு. நாடி பிடித்த விரல்களை எடுக்க மறந்திருந்தாள். அல்லது மறக்கவில்லையோ... அவன் அசையவே இல்லை.

“நேத்து மேனேஜர் கேட்டப்ப நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னீங்க இல்ல?” என்றாள் மெல்ல. விசிறி இரைச்சலில் அவன் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது. “ராத்திரி முழுக்க நான் அழுதேன். வேலை போயிடுமேன்னு அழல. வேற வேலை கிடைக்கும். இந்த மனுஷன் இப்படி ஆயிட்டாரேன்னு அழுதேன். விடிஞ்சப்பதான் என்னை நானே கேட்டேன்... யாரோ ஒரு வயர்மேன் எப்படிப் போனா எனக்கென்ன? ஏன் இவ்வளவு வலிக்குதுன்னு.”

“அப்பால...?”

“அப்பால என்ன... பதில் அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

மழை ஓய்ந்துகொண்டிருந்தது. வெளியே ஹார்பர் சங்கு ஊதியது. ஞானசெல்வி இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எங்கப்பா பேரு தவசிமுத்து. திருவொற்றியூர் தேரடிகிட்ட வீடு. கொஞ்சம் கோபக்காரர்தான், ஆனா உண்மை பேசறவங்களை அவருக்குப் பிடிக்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுலதான் இருப்பார்...” கடிகாரத்தை முந்தானையில் துடைத்தபடி சொன்னாள். “அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க.”